மூணரை பாகத்துல ஒரு கோடு – பாம்பன் கரையில ஏழு நாள்

முதல் நாள், ஞாயிறு

பரமக்குடில இருந்து ராம்நாடு வந்து பாம்பன் பஸ் ஏறும்போது மணி பத்து. இன்னைக்கு மாசி மகம், அதுவும் ஞாயித்துக்கிழமை, பஸ் முழுக்க அக்னி தீர்த்தத்துல குளிக்கப் போற ஜனம், நிக்கவே இடமில்ல. பக்கத்துல நின்ன பாட்டி "நீயும் தீர்த்தமாடவா தாயி"னு கேட்டாங்க, வேலையா போறேன்னு சொன்னேன், "கடல்ல என்ன வேலை"னாங்க. அதுக்கு ஒரு வரில பதில் சொல்ல வரல. அதான் இந்த ஏழு நாளும் அன்னன்னைக்கு எழுதிப் போடலாம்னு உக்காந்திருக்கேன்.

வேலை இதுதான். நாங்க நாலு பேர். இந்தக் கரையில யாரு எங்க என்ன தொழில் பண்றாங்கன்னு ஊர் ஊரா கேட்டு மேப்ல குறிக்கணும். பின்னாடி கடல் பாதுகாப்பு மண்டலம்னு யாராவது திட்டம் போட உக்காந்தா அவங்க மேசையில பவளப்பாறையும் கடல்புல்லும் மட்டும் இருக்கக் கூடாது, அந்தத் தண்ணிய நம்பிப் பொழைக்கறவங்களும் இருக்கணும்.

கடல் பாதுகாப்பு இங்க புதுசில்ல. 1986ல மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கானு அறிவிச்சாச்சு, ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, 560 சதுர கிலோமீட்டர். 1989ல அதைச் சுத்தி 10,500 சதுர கிலோமீட்டர உயிர்க்கோளக் காப்பகம்னு அறிவிச்சாங்க. பூங்காவோட எல்லை எப்படின்னா, தீவுக்குக் கரைப் பக்கம் மூணரை பாகம் ஆழம் வரைக்கும், வெளிக்கடல் பக்கம் அஞ்சு பாகம் வரைக்கும். ஒரு பாகம்னா ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம், சுமாரா ஆறடி. அதாவது இந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாது, தண்ணிக்கு அடியில இருக்கு. பஸ் பாலத்துல ஏறினப்ப ரெண்டு பக்கமும் கடலப் பாத்துட்டே இருந்தேன், இந்தப் பக்கம் பாக் நீரிணை அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா, புது ரயில் பாலம் வெயில்ல பளபளன்னு நிக்குது, கோடு எங்கயும் தெரியல.

ரெண்டாம் நாள், திங்கள்

விடியக்காலைலயே மண்டபம் போயிட்டோம், விசைப்படகு எல்லாம் கிளம்பற நாள். ஐஸ் பெட்டி ஏத்துறாங்க, டீசல் கேன், தண்ணி கேன், ஒரே சத்தம். திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு, மிச்ச நாள் நாட்டுப்படகுக்கு. பாக் நீரிணையில பல வருசமா இந்தக் கணக்குதான் ஓடுது, மூணு நாள் நாலு நாள் கணக்கும்பாங்க. ரெண்டும் ஒரே நாள்ல போனா மடி (பை மாதிரி பெரிய வலை) இழுக்கற விசைப்படகு நாட்டுப்படகுக்காரங்க விட்டு வச்சிருக்கற வலைய அறுத்துக்கிட்டுப் போயிரும், அப்பறம் கரையில சண்டை. பல தடவ சண்டை நடந்து அதுக்கப்பறம் வந்த ஏற்பாடு இது.

இத நான் முன்னாடியே படிச்சிருக்கேன். ஆனா ஜெட்டில நின்னு பாக்கும்போதுதான் உறைச்சுது, என் லேப்டாப்ல இருக்கற மேப்ல "விசைப்படகு" ஒரு கலரு, "நாட்டுப்படகு" இன்னொரு கலரு, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடக்கு, பாத்தா அங்க தினமும் அடிதடி நடக்கற மாதிரி இருக்கு. இங்க பாத்தா திங்கக்கிழமை ஒருத்தர் கடல்ல, செவ்வாய்க்கிழமை இன்னொருத்தர் கடல்ல. மேப்ல கிழமைய எங்க எழுதுறது?

ஒரு நாட்டுப்படகு அண்ணன் ஜெட்டி ஓரத்துல வலை பின்னிக்கிட்டு இருந்தாரு. அம்பது வயசு இருக்கும். மேப்ப விரிச்சுக் காட்டினேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "இதுல கச்சான் காத்துக்கு ஒரு படம், வாடைக்கு ஒரு படம் இல்லையா"ன்னு கேட்டாரு. வாடை, அதாவது வடகிழக்குக் காத்து அடிச்சா வடகடல் (பாக் நீரிணை) கொந்தளிச்சுக் கெடக்கும், அப்ப எல்லாரும் தென்கடலுக்கு (மன்னார் வளைகுடா) போயிருவாக. கச்சான், அதான் தென்மேற்குக் காத்து வந்தா தென்கடல்ல நிக்க முடியாது, திரும்ப வடகடலுக்கு வந்துருவாக. "பெண்கடல் ஆண்கடல்னு சொல்றோம்ல, ரெண்டும் ஒரே நேரத்துல கோவிக்காதும்மா, அதான் நாங்க பொழைக்கறோம்"னாரு. அப்படிப் பாத்தா வருசத்துல பாதி நாள் ஒரு கடல் தானாவே ஓய்வெடுக்குது.

அவர் சொன்ன இன்னொண்ணு மனசுல கெடந்து உறுத்துது. 1983ஆம் வருச தமிழ்நாடு மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி கரையில இருந்து மூணு கடல் மைல் நாட்டுப்படகுக்கு, விசைப்படகு அதுக்கு வெளியதான் தொழில் பண்ணணும். மூணு கடல் மைல்னா சுமார் அஞ்சரை கிலோமீட்டர். சரி, ஆனா இந்த 21 தீவும் எங்க இருக்கு? கரையில இருந்து ஒரு கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு பத்து கிலோமீட்டருக்குள்ள. அப்ப அவருக்குன்னு சட்டம் ஒதுக்கின அதே தண்ணியிலதான் பூங்காவும் பல இடத்துல வந்து விழுது. வெளிய போனா மடி படகு, உள்ள வந்தா பூங்கா. "நடுவுல கெடக்கறதுதான் நம்ம கடல்"னு கையால அளந்து காட்டினாரு, ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல ஒரு ஜாண் கூட இல்ல.

மூணாம் நாள், செவ்வாய்

சின்னப்பாலம். இத எழுதத்தான் ரெண்டு நாளா காத்திருந்தேன்.

போன மாசம் இதே ஊர்ல நாங்க ஒரு கூட்டம் போட்டோம். பாசி எடுக்கற பெண்கள் வரணும்னு சொல்லி விட்டிருந்தோம், சேர் எல்லாம் போட்டு டீ சொல்லி வச்சிருந்தோம், ஆம்பளைங்கதான் பதினஞ்சு பேர் வந்தாங்க. பெண்களுக்கு ஆர்வமில்லன்னு எங்க அறிக்கையில ஒரு வரி எழுதினோம். நான்தான் எழுதினேன். அது எவ்ளோ பெரிய தப்புன்னு இன்னைக்குக் காலைலதான் தெரிஞ்சுது.

காலைல ஏழு மணிக்கு பதினோரு பேர் ஒரு வள்ளத்துல ஏறினாங்க, என்னையும் ஏத்திக்கிட்டாங்க. புடவை மேல ஆம்பளை சட்டை, விரலுக்கு எல்லாம் துணிய கிழிச்சுச் சுத்திக் கட்டியிருக்காங்க, காலுக்கு ரப்பர் செருப்ப கட்டியிருக்காங்க, கண்ணாடி, இடுப்புல பை. மரிக்கொழுந்துப் பாசி பாறையில ஒட்டி வளரும், மூச்ச பிடிச்சு முங்கி கையால பறிக்கணும். அகர்ங்கற ஜெல்லிப் பொடி தயாரிக்க அது போகுது, கட்டக்கோரை வேற, கஞ்சிப்பாசி வேற, ஒவ்வொண்ணுக்கும் ஒரு விலை. இடுப்பளவு தண்ணில நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன், ஒரு அக்கா முங்கினா, அவங்க எந்திரிக்கற வரைக்கும் நான் மனசுக்குள்ள எண்ணி முடிக்கறதுக்குள்ள எனக்கே மூச்சு முட்டுது. வெளிய வந்து கையைக் காட்டினாங்க. துணி சுத்தியும் விரல் நுனி எல்லாம் வெட்டு.

"போன மாசம் ஏன்க்கா கூட்டத்துக்கு வரல"ன்னு கேட்டேன்.

"அன்னைக்கு அமாவாசை தாயி. அமாவாசையும் பௌர்ணமியும்தான் தண்ணி நல்லா வத்தும், பாறை மேல வரும். மாசத்துல பன்னெண்டு நாள்தான் பாசிக்குப் போறதுன்னு நாங்களே பேசி வச்சிருக்கோம். அந்தப் பன்னெண்டுல ஒரு நாள விட்டுட்டு ஒங்க சேர்ல வந்து உக்காந்தா அன்னைக்குக் கூலி யாரு குடுப்பா?"

நான் ஒண்ணும் பேசல.

அந்தப் பன்னெண்டு நாள் கணக்கு அரசாங்கம் போட்டதில்ல, இவங்களே போட்டுக்கிட்டது. முன்னாடி இரும்பால சுரண்டி எடுத்தாங்களாம், பாறையோட வேர் போயி அடுத்த தடவ வந்தா மொட்டையா கெடக்குதுன்னு தெரிஞ்சு கையால மட்டும் பறிக்கறதுன்னு முடிவு பண்ணாங்க. ஏப்ரலுக்கும் ஜூனுக்கும் நடுவுல பாசி பெருகற காலம், அப்ப போறதில்ல. இந்த ஊர்க்காரர் லட்சுமி மூர்த்திக்கு 2015ல சீகாலஜி விருது கெடைச்சுது, தீவுகளோட இயற்கையக் காப்பாத்தறவங்களுக்கு உலக அளவுல குடுக்கற விருது அது. ஆனா தீவப் பக்கம் படகு ஒதுங்கினா, பூங்கா எல்லைன்னு வனத்துறை பிடிச்சுருமோன்னு இன்னிக்கும் இவங்களுக்கு நெஞ்சு படபடக்குது. "பை நிறையுமான்னு பாக்கறதா, யாராவது வர்றாகளான்னு பாக்கறதா"ன்னு ஒரு பாட்டி கேட்டாங்க. அவங்க அம்மாவும் இதே பாறையில பாசி எடுத்தவங்க. 1986க்கு முன்னாடி அது வெறும் கடல், அதுக்கப்பறம் பூங்கா. பாட்டிக்கு வேலை மாறல, அவங்க நிக்கற தண்ணிக்குப் பேர் மாறிடுச்சு.

தீவ பாதுகாக்கணுமா வேணாமான்னா கட்டாயம் பாதுகாக்கணும், அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல. ஆனா ஒருத்தர் மாசத்துல பன்னெண்டு நாள் மட்டும் எடுத்து, பாசி பெருகற காலத்துல விட்டு வச்சு, கையால பறிக்கறாங்கன்னா, அவங்களும் பாதுகாக்கத்தானே செய்யறாங்க? வருசம் பூரா யாருமே தொடக் கூடாதுங்கறதும் இதும் ஒண்ணில்லதான். ஆனா இஷ்டத்துக்கு அள்ளறதும் இதும் ஒண்ணில்லயே. மேப்ல அந்த நடு நிலைக்கு கலரே இல்ல.

நாலாம் நாள், புதன்

குருசடை தீவு, வனத்துறை படகுல, அனுமதியோட. இறங்கினதுமே காலுக்கடியில நொறுங்குது, கரை முழுக்க செத்த பவளத் துண்டு. விரல் விரலா, மூளை மாதிரி, கிளை கிளையா. ஒரு காலத்துல இதையெல்லாம் படகு படகா வெட்டி எடுத்துட்டுப் போயி சுண்ணாம்பு சுட்டாங்க, வீடு கட்டினாங்க. தனுஷ்கோடி சர்ச் சுவரப் போயி பாருங்க, 1964 புயல்ல மிஞ்சினது, பவளக்கல்தான். 2001லதான் பவளத்த வனவிலங்குச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேத்தாங்க, எடுத்தா சிறை. அதுக்குள்ள ரெண்டு தீவு தண்ணிக்குள்ள போயிடுச்சு, கீழக்கரை பக்கம் பூவரசன்பட்டி, தூத்துக்குடி பக்கம் விலாங்குசல்லி. பாறைதான் தீவுக்கு வேலி, வேலிய பிடுங்கினா அலை உள்ள வரத்தான் செய்யும். இத நேர்ல பாக்கும்போது பூங்கா வேண்டாம்னு யாராலயும் சொல்ல முடியாது.

குருசடைல இன்னொரு கதையும் இருக்கு. கப்பாபைகஸ்னு ஒரு பாசி, வெளிநாட்டுல இருந்து வந்தது, மூங்கில் தெப்பத்துல கட்டி வளத்தா 45 நாள்ல அறுவடை. மண்டபம் பக்கம் நெறைய பெண்கள் குழுவா சேந்து இதப் போடறாங்க, முங்க வேண்டாம், விரல் கிழியாது, கரையோரமே வேலை. பாசி எடுக்கற பெண்களுக்கு மாத்துத் தொழில்னு இதத்தான் காட்டுறாங்க, காட்டுறதுலயும் நியாயம் இருக்கு. 2005ல அரசாங்கம் ஒரு ஆணை போட்டுச்சு, பூங்காவ ஒட்டின மன்னார் வளைகுடாவுல இத வளக்கக் கூடாது, பாக் நீரிணையோட வடக்குப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெக்கயும்தான்னு. ஆனா இது ஒடிஞ்ச துண்டுல இருந்தே வளர்ற பாசி, நீரோட்டத்துக்கு கோடு தெரியாது. 2008ல குருசடை பவளத்து மேல இது படர்ந்திருக்குன்னு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க. மேல மூடிட்டா அடியில பவளத்துக்கு வெளிச்சம் இல்ல. ஒருத்தரோட கஷ்டத்தக் குறைக்கக் கொண்டு வந்தது இன்னொண்ண மூச்சு முட்ட வைக்குது, ரெண்டுக்கும் நடுவுல பாலம் மட்டும்தான். அதனால மண்டலம் பிரிக்கும்போது "இங்க தொழில், அங்க பாதுகாப்பு"ன்னு பக்கத்துல பக்கத்துல கோடு போட்டாப் பத்தாது. தண்ணி எந்த மாசம் எந்தப் பக்கம் ஓடுதுன்னு சேத்துப் பாக்கணும். அது வலை பின்னின அண்ணனுக்குத் தெரியும்.

வெயில் வேற. 1998, 2010, 2016ல கோடைல தண்ணி சூடேறி இங்க பவளம் வெளுத்துப் போச்சு. சூட்ட எந்த வேலியும் தடுக்காது. ஆனா பாறையில படர்ற பாசிய மேஞ்சு சுத்தமா வைக்கற ஓரா, கிளி மீன் மாதிரி மீனெல்லாம் இருந்தா பவளம் திரும்பி வர இடம் கெடைக்கும். இத ஒரு மீனவர்கிட்ட சொன்னா, "ஓரா குறைஞ்சு ரொம்ப நாளாச்சும்மா"ன்னு உடனே புரிஞ்சுக்கறாரு.

அஞ்சாம் நாள், வியாழன்

கீழக்கரை, ஏர்வாடி. ரொம்ப எழுத நேரமில்ல, ராத்திரி ஆயிடுச்சு.

ஏர்வாடில தர்காவுக்கு வந்த குடும்பங்க கடலப் பாக்க வர்றாங்க, பிளாஸ்டிக் எல்லாம் கரையிலதான் கெடக்கு. "கடல பயன்படுத்தறவங்க" பட்டியல்ல நாங்க யாத்ரீகர்களச் சேக்கவே இல்ல, இங்க ஏர்வாடி, அங்க தேவிபட்டினம், சேதுக்கரை, ராமேஸ்வரம், எவ்ளோ பேர் வர்றாங்க! பஸ்ல பாத்த பாட்டி ஞாபகம் வந்துச்சு, அவங்களையும் பட்டியல்ல எழுதினேன்.

சங்கு குளிக்கற ரெண்டு பேரப் பாத்தோம். அவங்க பேச்சு பூரா கடல் அட்டை (சீ குக்கும்பர்) பத்திதான். 2001ல தடை வந்துச்சு, அதுக்கு முன்னாடி சங்கோட சேத்து அட்டையும் எடுத்த ஆளுங்க. "அந்தக் கரையில இலங்கைல லைசென்ஸ் குடுத்து எடுக்கறாங்க, இங்க எடுத்தா கேஸு. அதே கடல், அதே அட்டை"ங்கறாங்க. எனக்குத் தடை சரின்னுதான் தோணுது, அட்டை மெதுவா வளரும், மண்ணச் சுத்தம் பண்றது அது. ஆனா அவங்க கேக்கற கேள்வி நியாயமான கேள்வி. தடைய மட்டும் சொல்லிட்டு, எவ்ளோ வருசம் கழிச்சு திரும்ப எண்ணிப் பாப்போம், எண்ணும்போது ஒங்களையும் கூட்டிட்டுப் போவோம்னு யாரும் இவங்ககிட்ட சொல்லல.

ஆறாம் நாள், வெள்ளி

வடக்க, தொண்டி பக்கம் காரங்காடு. அலையாத்திக் காட்டுக்குள்ள படகு. வனத்துறையும் ஊர்க்காரங்களும் சேந்து நடத்தறாங்க, ஊர்ப் பசங்கதான் படகு ஓட்டி நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் பேர் சொல்லிக் காட்டறாங்க. எங்களுக்குப் படகு ஓட்டின தம்பி காலைல நண்டு வலை எடுத்துட்டு வந்து அப்பறம் சுற்றுலா படகுக்கு வந்தவரு. "ரெண்டும் ஒரே கால்வாய்தான்க்கா, விடியக்காலை எங்களுக்கு, வெயில் ஏறினா ஒங்களுக்கு"ன்னாரு. பாருங்க, இங்கயும் நேரம்தான்.

இதுக்கு வடக்க புதுக்கோட்டை, தஞ்சாவூர் கரையில 2022 செப்டம்பர்ல கடல்பசு பாதுகாப்பகம் அறிவிச்சாங்க, 448 சதுர கிலோமீட்டர். ஆவுளியானு இங்க சொல்ற கடல்பசு கடல்புல்ல மட்டும் மேயற மிருகம், கடல்புல்ல மடி இழுத்துச் சிதைச்சா அதுக்கு வேற வழியில்ல. இது தேசியப் பூங்கா இல்லங்கறத கவனிக்கணும். சட்டத்துல பாதுகாப்பகம்னா அறிவிக்கறதுக்கு முன்னாடி உள்ளூர் மக்கள்கிட்ட கலந்து பேசணும், நிர்வாகக் குழுவுல பஞ்சாயத்து ஆட்கள் இருக்கணும். கடல்பசு வலையில மாட்டினா வலைய அறுத்து அத உயிரோட விடற மீனவருக்கு வனத்துறை பரிசும் குடுக்குது. வலைய அறுத்தா அவருக்கு எவ்ளோ நட்டம்னு யோசிச்சுப் பாருங்க, அதையும் மீறி விடறாங்க. நடுக்கடல்ல ராத்திரி அந்த முடிவ எடுக்கறது ஒரு மனுசன்தான், அங்க காவலுக்கு யாரும் இல்ல.

திரும்பி வரும்போது ஆஸ்திரேலியாவோட கிரேட் பேரியர் ரீஃப் மேப்ப போன்ல பாத்துக்கிட்டே வந்தேன். 2004ல அங்க மண்டலத்த திருத்தினாங்க, மீன் பிடிக்கவே கூடாதுங்கற பகுதி அஞ்சு சதவீதத்துக்கும் கம்மியா இருந்தது மூணுல ஒரு பங்கா ஆச்சு. அழகான மேப், பச்சை, மஞ்சள், நீலம். அங்க அது வேலை செய்யுது, அவ்ளோ பெரிய கடல், கரையில ஆளும் கம்மி. அதே மாதிரி ஒண்ண பாம்பனுக்கு வரைஞ்சா ஒவ்வொரு சதுரத்துலயும் நாலு பேர் வந்து நிப்பாங்க.

ஏழாம் நாள், சனி

சாயங்காலம் சின்னப்பாலத்துல ஒரு வீட்டுத் திண்ணைல மேப்ப விரிச்சோம். வலை பின்னின அண்ணனும் மண்டபத்துல இருந்து வந்திருந்தாரு, பாசி அக்கா நாலு பேர், சின்னப் பிள்ளைங்க ஒரு கூட்டம். பௌர்ணமி கழிஞ்சு ஆறு நாளாச்சு, தண்ணி வத்துறது குறைஞ்சுடுச்சு, அதனால அக்காங்க இன்னைக்குத் தொழிலுக்குப் போகல.

செவத்துல மாட்டியிருந்த தினசரி காலண்டர அண்ணன் கழட்டிக் கொண்டு வந்து மேப்புக்குப் பக்கத்துல வச்சாரு. அப்பறம் ரெண்டு மணி நேரம் யாரும் எந்திரிக்கல. நான் ஒவ்வொரு இடமா கேக்க, அவங்க காலண்டர்ல விரல் வச்சு சொல்றாங்க. இந்தப் பாறை, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாசி, மிச்ச நாள் யாரும் இல்ல. இந்தத் தண்ணி, செவ்வாய் வியாழன் வெள்ளி ஞாயிறு நாட்டுப்படகு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு தடைக்காலம். வாடை மாசத்துல வடகடல் காலி. ஒரு தாள்ல கட்டம் போட்டு நிரப்பிக்கிட்டே போனேன், கலர் பென்சில் பிள்ளைங்க குடுத்தாங்க. முடிச்சுப் பாத்தா மேப்ல சண்டை மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக் கெடந்த பாதிக்கு மேல, கட்டத்துல தனித்தனியா உக்காந்திருக்கு. நெசமாவே ஒரே நாள்ல ஒரே எடத்துல மோதறது மூணு எடம்தான், மூணும் தீவோட வெளிப்பக்கம், மூணுலயும் மடி படகு எல்லை தாண்டி உள்ள வர்றதுதான் பிரச்சனை. பேச வேண்டியது அந்த மூணப் பத்தி. பாசிக்காரங்களத் தீவுப் பக்கமிருந்து வெரட்டறதப் பத்தி இல்ல.

தீவச் சுத்தி யாருமே எப்பவுமே தொடக் கூடாத எடம் கொஞ்சம் வேணும்னு நானும் சொன்னேன். அதுக்கு அவங்க மறுக்கல. பாட்டி ஒரு பாரு (கடலடிப் பாறை) இருக்கற எடத்தக் காட்டி, "இந்தப் பாரு மேல நாங்களும் கால் வைக்கறதில்ல, மீன் குஞ்சு நெறைய கெடக்கும், இத எழுதிக்க"ன்னாங்க. அது எங்க எந்த மேப்லயும் இல்லாத பாரு. எழுதிக்கிட்டேன்.

அடுத்து பெரிய கூட்டம் போடணும், எல்லா ஊர்லயும் இருந்து ஆள் வரணும். எங்க டீம்ல வர்ற திங்கக்கிழமைன்னு முடிவு பண்ணி வச்சிருந்தாங்க. திங்கள் விசைப்படகு நாள்னு நான் சொன்னேன். அப்ப செவ்வாய் சாயங்காலம், நாட்டுப்படகு கரை சேந்தப்பறம்னு அண்ணன் சொன்னாரு. காலண்டரப் பாத்தா செவ்வாய் நவமி. நவமில நல்ல காரியம் பேசலாமான்னு டீம்ல ஒருத்தர் போன்ல இழுத்தாரு.

"அட்டமி நவமிலதான் தண்ணி வத்தாது தாயி, எங்களுக்கு அதான் லீவு. நாங்க வரணும்னா நவமில வையி"ன்னாங்க அக்கா.

செவ்வாய், நவமி, சாயங்காலம் ஆறு மணி. போன்ல எல்லா ஊருக்கும் சொல்லியாச்சு.